ஆலயத்தின் பழமையும் அதனை ஆக்கிய உழைப்பும்: மாத்தளை நாலந்தாவும் யப்பானிய இசேயும்

1

மாத்தளை மாவட்டத்தின் கிழக்குப் பகுதியிலே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில், களு கங்கைப் பள்ளத்தாக்கில் அமைந்திருந்தது பல்லேகம. 2018 ஆம் ஆண்டில் களு கங்கை நீர்த்தேக்கம் நிரப்பப்பட்டபோது பழைய பல்லேகம நகரும் அதனைச் சூழ்ந்த வயல்களும் நீருள் அமிழ்ந்தன. லக்கல என்ற பெயரில் புதியதொரு நகர் வேறிடத்தில் அமைக்கப்பட்டது. அலுவலகங்களும் கடைகளும் மக்களும் அங்கும் பிற குடியேற்றங்களுக்கும் இடம் மாறினர்.

களு கங்கை சென்று சேரும் அம்பன் கங்கையின் வடிநிலத்திலேயே, இதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரும் இத்தகையதோர் இடப்பெயர்வு நிகழ்ந்தது. மகாவலி அபிவிருத்தித் திட்டத்தின் ஓர் உறுப்பாகப் போவத்தன்ன நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டபோது, மாத்தளையிலிருந்து தம்புள்ளை செல்லும் பெருவீதிக்கு அணித்தாயுள்ள நாலந்தாவின் தாழ்நிலங்கள் நீருள் மூழ்கும் நிலை ஏற்பட்டது. அவ்விடத்தே நின்ற பழைய கற்கோயிலாகிய நாலந்தா கெடிகே 1975 ஆம் ஆண்டு முதல் கல் கல்லாகப் பெயர்க்கப்பட்டு, உயர்ந்த தளமொன்றில் மீண்டும் அடுக்கப்பட்டது. 1980 இல் அப்பணி நிறைவெய்தியது. இன்று அது நீர்த்தேக்கத்தின் விளிம்பிலே, மரஞ்செறிந்த சூழலில் நிற்கின்றது.

இவ்விரு நிகழ்வுகளையும் அருகருகே வைத்து நோக்கும்போது ஒரு வினா எழுகின்றது. ஓர் ஆலயத்தில் பழமையானது எது? அதன் கல்லா, வடிவமா, அது நின்ற நிலமா, அன்றி அதனை ஆக்கியும் பேணியும் வந்த மக்கட் கூட்டமா? நாலந்தாவிற் கல்லும் வடிவமும் காக்கப்பட்டன, நிலம் கைவிடப்பட்டது. தொல்லியற்றுறையின் நோக்கில் இது நியாயமான தெரிவே. எனினும் பழமை பொருளிலேயே தங்கியுள்ளதென்னும் எடுகோளின் மீதே இத்தெரிவு நிற்கின்றது. அவ்வெடுகோளுக்கு முற்றும் மாறானதொரு வழக்கத்தைப் பதின்மூன்று நூற்றாண்டுகளாகக் கைக்கொண்டு வந்த ஆலயங்கள் யப்பானில் உள. பொருளை வேண்டுமென்றே அழியவிட்டு, ஆக்கும் தொழிலைப் பேணுவது அவ்வழக்கம். சிந்தோ மதத்தின் தலையாய தலமான இசே ஆலயம் அவற்றுட் சிறந்த எடுத்துக்காட்டு. நாலந்தாவையும் இசேயையும் ஒப்புநோக்கி, ஆலயப் பழமை என்னும் கருத்தின் சமூக அடிப்படையைத் தெளிவுபடுத்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

கெடிகே என்னும் சிங்களச் சொல் செங்கல் மனையைக் குறிக்கும் பாளிச் சொல்லொன்றின் வழிவந்ததென்பர். பொலனறுவையிலுள்ள தூபாராமம் போன்று, தடித்த சுவர்களும் வளைந்த கூரையும் கொண்ட பிரதிமைக் கோயில்களை இச்சொல் சுட்டும். நாலந்தா கெடிகேயோ முழுவதும் கல்லாலானது. இதன் காலம் கி.பி. 8 ஆம் நூற்றாண்டுக்கும் 10 ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதென்பது அறிஞர் துணிபு.

கட்டட அமைப்பைப் பொறுத்தவரையில், தென்னிந்தியக் கற்றளிகளை அறிந்த எவருக்கும் இது புதியதன்று. முன்னே தூண்களுடைய மண்டபம், அதனையடுத்து ஒடுங்கிய இடைகழி, அதற்கப்பால் கருவறை, கருவறையின் மேல் விமானம் என்னும் ஒழுங்கு இங்கே காணப்படுகின்றது. அதிட்டானமும், சுவரைப் பிரிக்கும் அரைத்தூண்களும், குதிரைலாட வடிவிலான கூடுகளும் மாமல்லபுரத்துக் கோயில்களை நினைவூட்டுவன. ஆயின் உள்ளே சைவ வைணவத் தெய்வங்கள் இல. இது பௌத்த வழிபாட்டிடமாகவே விளங்கியது. விமானத்தின் தென்புறக் கூட்டிலே செல்வத்தின் அதிபதியாகிய குபேரனின் உருவம் உள்ளது. அடித்தளச் சிற்பங்களுள் ஒன்று தாந்திரிகச் சார்புடையதெனக் கருதப்படுகின்றது. திராவிடக் கட்டடக் கலை, மகாயானச் சாயலுடைய பௌத்தம், யக்கர் தலைவனாகிய குபேரன் ஆகிய மூன்றும் ஒரே கட்டடத்திற் சங்கமிக்கின்றன.

இச்சங்கமத்துக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 7 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கை அரசுரிமையை இழந்து காஞ்சிபுரம் சென்ற மானவன்மன், பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மனின் படைத்துணையுடன் மீண்டு ஆட்சியைப் பெற்றான் என்று சூளவம்சம் கூறும். படையோடு படைக்கலம் மட்டும் வரவில்லை. கலைமரபும் கலைஞரும் கடல் கடந்து வருதற்கேற்ற தொடர்பும் வலுவுற்றது எனக் கொள்ளுதல் பொருந்தும்.

இனி, கற்கோயில் ஒன்று எழுவதற்கு வேண்டுவன யாவை? கருங்கல்லைப் பிளந்து, இழுத்து, செதுக்கி, ஏற்றும் தொழிலாளருக்கு ஆண்டுக்கணக்கிற் சோறளிக்கத்தக்க உபரி நெல் வேண்டும். அந்நெல்லைத் திரட்டும் அதிகாரம் வேண்டும். அம்பன் கங்கை இவ்விரண்டையும் அளித்த ஆறு. அதன் குறுக்கே எலஹெரவில் அமைந்த அணையும் கால்வாயும் மிகப் பழையன. மகாவம்சம் வசப மன்னனோடு தொடர்புறுத்தும் ஆலிசாரக் கால்வாய் இதுவே என்பர். மின்னேரியா முதலான பெருங்குளங்கள் இவ்வாற்று நீரால் நிரம்பின. 12 ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு தன் படைநடவடிக்கைகளுக்கு நாலந்தாவில் அரண் அமைத்திருந்தான். மலைநாட்டுக்கும் வடசமவெளிக்கும் இடைப்பட்ட வாயில் இது என்பதை அச்செய்தி உணர்த்தும். ஆகவே கெடிகே தற்செயலாக எழுந்த கோயிலன்று. நீரையும் நெல்லையும் வழியையும் கட்டுப்படுத்திய அதிகாரம் தன்னைக் கல்லில் எழுதிக்கொண்ட இடம் அது. விமானத்தின் மீது குபேரன் வீற்றிருத்தல் இவ்வகையிற் பொருத்தமானதே.

3

நெல்லுக்கும் ஆலயத்துக்குமுள்ள உறவு சிந்தோ ஆலயங்களில் இன்னும் வெளிப்படையாகத் தெரிகின்றது.

மிகப் பழைய நிலையில் சிந்தோ வழிபாட்டுக்குக் கட்டடமே இருக்கவில்லை. காமி எனப்படும் தெய்வம் மலையிலும் பாறையிலும் மரத்திலும் உறைவதாகக் கருதப்பட்டது. நாரா மாநிலத்திலுள்ள ஓமிவா ஆலயத்தில் இன்றும் கருவறை இல்லை. பின்னேயுள்ள மிவா மலையே தெய்வம். வழிபடுவோர் முன்மண்டபத்தில் நின்று மலையை நோக்கித் தொழுவர். தெய்வத்துக்கு நிலையான வீடு அமைந்தமை சமூக வளர்ச்சியின் ஒரு கட்டத்தில் நிகழ்ந்ததாகும்.

அவ்வீடு எதனை மாதிரியாகக் கொண்டது என்பதே நமக்கு முக்கியமானது. இசே ஆலயத்தின் உட்கோயிலும் வெளிக்கோயிலும் ஒரே பாணியின. நிலத்திற் குழியகழ்ந்து நேரே நட்ட மரத்தூண்கள். நிலத்தினின்றும் உயர்த்திய பலகைத் தளம். புல் வேய்ந்த இருசரிவுக் கூரை. கூரையின் இரு முனைகளிலும் கத்தரிக்கோல் போலக் குறுக்கிட்டு வானோக்கி நீளும் சிகி என்னும் மரங்கள். முகட்டின் மேல் வரிசையாகக் கிடத்திய கட்சுவோகி என்னும் உருளைக் கட்டைகள். சுவருக்கு வெளியே தனித்து நின்று முகட்டைத் தாங்கும் இரு தூண்கள். உட்கோயிலில் உருளைக் கட்டைகள் 10, வெளிக்கோயிலில் 9. வண்ணப்பூச்சு இல்லாத சைப்பிரசு மரமே எங்கும் காணப்படும்.

இவ்வடிவம் நெற்களஞ்சியத்தின் வடிவம். சிசுவோக்கா மாநிலத்திலுள்ள தோரோ என்னும் இடத்தில் 1943 ஆம் ஆண்டு கண்டறியப்பட்டு, போரின் பின் அகழப்பட்ட யாயோய் காலக் கிராமத்தில், வயல்களோடு, தூண்களின் மேல் உயர்த்திய களஞ்சியங்கள் இருந்தமைக்குச் சான்று கிடைத்தது. ஈரத்தினின்றும் எலியினின்றும் நெல்லைக் காத்தற்கு உழவன் கண்ட உபாயமே தளத்தை உயர்த்துதல். இசே உட்கோயிலின் வளாகத்தில் புதுநெல்லை வைப்பதற்கென்றே சிறியதொரு களஞ்சியம் இன்றும் உண்டு. தலைமைக் கருவறையின் வடிவை அதனோடு ஒப்பிடுவார்க்கு இவ்வுண்மை விளங்கும். வெளிக்கோயிலின் தெய்வமாகிய தொயோஉக்கே உணவின் தெய்வம். சூரியத் தெய்வமாகிய அமத்தெராசுவுக்கு அங்கே நாள்தோறும் இருவேளை உணவு படைக்கப்படுகின்றது. ஒக்தோபர் மாதத்தில் நிகழும் புதுநெற் படையலே ஆண்டின் தலையாய விழா. நம்மவர் புதிரெடுக்கும் வழக்கத்தையும், சிங்கள மக்களின் புத்தரிசி விழாவையும் இதனோடு வைத்து எண்ணலாம்.

விதைநெல் கிராமம் முழுவதற்கும் பொதுவான உயிர்நாடி. அதனைக் காக்கும் வீடு புனிதமாதல் இயல்பு. ஆயின் உபரி பெருகி, களஞ்சியத்தின் திறவுகோல் ஒரு குலத்தலைவனின் கைக்குப் போனபோது, களஞ்சியத்தின் புனிதமும் அவனோடு சென்றது. யமத்தோ அரசகுலத்தின் மூதாதையாக அமத்தெராசு போற்றப்பட்டமை இவ்வளர்ச்சியின் முடிநிலை. உழவனின் களஞ்சியம் அரசனின் குலதெய்வத்துக்கு மனையாயிற்று. தமிழிற் கோயில் என்னும் சொல்லே அரசன் மனையையும் இறைவன் மனையையும் ஒருங்கே குறிப்பதும், பண்டாரம் என்னும் சொல் கோயிலின் கருவூலத்தைக் குறித்து நிற்பதும் இவ்விடத்தில் மனங்கொளத்தக்கன.

4

மண்ணில் நேரே நட்ட மரத்தூண் உளுத்துப்போகும், புற்கூரை இற்றுப்போகும். இருபது ஆண்டளவில் இத்தகைய கட்டடம் தளர்வுறும். இப்பௌதிக உண்மையின் மீதே இசேயின் புதுப்பித்தல் முறை எழுந்தது. 690 ஆம் ஆண்டு ஜித்தோ பேரரசியின் ஆட்சியில் உட்கோயில் முதன்முறையாக இவ்வாறு புதுப்பிக்கப்பட்டது. 692 இல் வெளிக்கோயில் புதுப்பிக்கப்பட்டது. ஒவ்வொரு கோயிலுக்கும் அருகருகே ஒத்த அளவினவாய் இரு நிலப்பகுதிகள் உள. ஒன்றிற் கோயில் நிற்க, மற்றது வெறுமையாய்க் கிடக்கும். வெறுநிலத்திற் புதுக்கோயில் எழுந்ததும், ஓர் இரவில் தெய்வச் சின்னம் அங்கு எடுத்துச் செல்லப்படும், பழையது பிரிக்கப்படும். 2013 இல் நிகழ்ந்தது 62 ஆவது புதுப்பித்தல். அடுத்தது 2033 இல் நிகழவுள்ளது.

கட்டடம் மட்டுமன்றித் தெய்வத்தின் ஆடை, வாள், தறிக்கருவி முதலிய பொருள்களும் ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்யப்படுகின்றன. பிரித்த மரங்கள் வீணாவதில்லை. பிற ஆலயங்களுக்கு வழங்கப்படுகின்றன. முகடு தாங்கிய தூண்கள் ஆலயத்து வாயிலிலுள்ள பாலத்தருகே தோரணத் தூண்களாக மாறி மேலும் இருபது ஆண்டுகள் நிற்கின்றன. இளைஞனாய் ஒரு முறை பயின்ற தச்சன், நடுவயதில் மறுமுறை தொழிலை நடத்தி, முதுமையில் மூன்றாம் முறை மேற்பார்வை செய்வான். உளிபிடிக்கும் அறிவு ஏட்டில் உறையாமற் கையிலிருந்து கைக்கு மாறுகின்றது. இசேயில் நிற்கும் மரம் எதுவும் பழமையானதன்று. அம்மரத்தை இணைக்கும் முறையே பழமையானது.

இதனைக் கண்டு வியந்த மேனாட்டார் பலர். 1933 இல் யப்பானுக்குச் சென்ற செருமானியக் கட்டடக் கலைஞர் புரூனோ தவுத் இசேயின் எளிமையைப் பெரிதும் போற்றினார். நாமும் வியக்கலாம். ஆயின் வியப்போடு நின்றுவிடின் வரலாறு மறைந்துவிடும். இப்புதுப்பித்தலின் செலவை யார் தாங்கினர்?

11 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் இசேயின் புதுப்பித்தலுக்கென நாடெங்கும் உழவரிடம் தனி அரிசி வரி பெறப்பட்டது. 15 ஆம் நூற்றாண்டில் உள்நாட்டுப் போரால் மைய அதிகாரம் சிதறியபோது அவ்வரியும் ஒழிந்தது. உடனே புதுப்பித்தலும் நின்றது. வெளிக்கோயில் 1434 இன் பின் 1563 வரையிலும், உட்கோயில் 1462 இன் பின் 1585 வரையிலும் புதுப்பிக்கப்படவில்லை. தெய்விகக் கட்டளையாகப் போற்றப்படும் இவ்வொழுங்கு, வரி தண்டும் இயந்திரத்தோடு பிறந்து அதனோடு தளர்ந்ததென்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. மரமும் அவ்வாறே. பிற்காலத்தில் இசேக்கு மரம் அளித்த கிசோ மலைக்காடு ஒவாரிப் பிரபுக்களின் கட்டுப்பாட்டில் இருந்தது. விலக்கப்பட்ட மரத்தைத் தொட்ட குடியானவனுக்குரிய தண்டனையை அங்குள்ளோர் ‘ஒரு மரத்துக்கு ஒரு தலை’ என்று சொல்லி நினைவிற் கொண்டனர். தெய்வத்தின் மனைக்குரிய மரம் தன் குடிசைக்கு ஆகாதென்பதே அக்குடியானவன் அறிந்த சிந்தோ.

எனவே உழைப்பைப் பேணும் ஆலயம் என்று இசேயைப் போற்றும்போது, அவ்வுழைப்பு விரும்பித் தந்ததும் வற்புறுத்திப் பெற்றதுமான இருதன்மை உடையது என்பதை மறத்தலாகாது. தச்சனின் கைத்திறன் மனிதகுலத்தின் செல்வம். அத்திறனுக்குச் சோறிட்ட முறை சுரண்டலின் ஒரு வடிவம். இரண்டும் ஒரே தூணில் உறைகின்றன.

5

இவ்விருதன்மை நமது மலைநாட்டிலும் காணப்படுவதே. கண்டி இராச்சியத்துக் கோயில்களுட் பல மரத்தாலும் மண்ணாலும் ஆனவை. அவற்றுள் தம்பிட்ட விகாரை எனப்படும் வகை நமது ஒப்பீட்டுக்கு மிக நெருக்கமானது. குட்டையான கற்றூண்களின் மேல் மரச்சட்டங்களைக் கிடத்தி, தளத்தை நிலத்தினின்றும் உயர்த்தி, அதன்மேல் வரிச்சு மண்சுவரால் எழுப்பிய சிறு கோயில் இது. கண்டிக்கு அண்மையில் மெதவலவிலுள்ள விகாரை இவ்வகையினது. நாயக்க வமிசத்தவனான கீர்த்தி சிறி ராஜசிங்கனின் ஆட்சியில், 1755 இல் எழுந்தது. மலைநாட்டு உழவன் தன் நெல்லைச் சேமிக்கும் அட்டுவவும் இவ்வாறே கல்லின் மேல் உயர்ந்து நிற்பது. யப்பானும் கண்டியும் ஒன்றையொன்று பார்த்துக் கற்கவில்லை. நெல் விளையும் ஈரநிலத்தில் நெல்லைக் காத்த உழவன், தான் அறிந்த மிகப் பாதுகாப்பான கட்டடத்தையே ஈரிடத்தும் தெய்வத்துக்கு அளித்தான் எனலாம்.

இக்கோயில்களைப் பேணியதும் சேவை நிலமுறையே. விகாரைகளுக்கும் தேவாலயங்களுக்கும் உரிய கிராமங்களில் ஒவ்வொரு பங்கு நிலத்துக்கும் ஒவ்வொரு கடமை விதிக்கப்பட்டிருந்தது. ஒருவன் கூரை வேய்வான். ஒருவன் மட்பாண்டம் தருவான். ஒருவன் பெரகராவில் முரசறைவான். சாதியமைப்பு இக்கடமைகளைப் பிறப்போடு பிணைத்தது. 1832 இல் ஆங்கிலேயர் இராசகாரியத்தை ஒழித்தபோதும் கோயில் நிலங்களுக்கு அது பொருந்தவில்லை. 1870 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே இச்சேவைகளைப் பணமாக மாற்றிச் செலுத்தும் வழி திறந்தது.

அரசும் நிலமானியமும் எட்டாத வழிபாடும் உண்டு. கோயில்களின் வரலாற்றைக் கல்வெட்டோடு மட்டும் நிறுத்தாது, தெருக்கூடலிலும் காட்டுவழியிலும் உள்ள தாய்த்தெய்வ இடங்களிலும் தேடவேண்டும் என்பதை டி. டி. கோசாம்பியின் ஆய்வுகள் நமக்கு உணர்த்தின. வன்னியிலும் அதையடுத்த உலர்வலயத்திலும் காட்டுவழி செல்வோர் வழியோர மரமொன்றிலே பச்சைக் குழையை முறித்துத் தொங்கவிட்டுச் செல்வர். யானையினின்றும் பிற ஆபத்துகளினின்றும் காக்கும் ஐயநாயக்க தெய்வத்துக்கு அது காணிக்கை. தமிழர் ஐயனாரென வணங்கும் தெய்வமே சிங்கள உழவனுக்கு ஐயநாயக்கவாகிக் குளத்தையும் காட்டையும் காக்கின்றது. இங்கே கருவறை இல்லை, பூசகன் இல்லை, நிலமானியம் இல்லை. மரமும் குழையும் வழிப்போக்கனின் அச்சமுமே உள. மிவா மலையை நோக்கித் தொழுத பழைய யப்பானியன் இவ்வழிபாட்டை எளிதில் விளங்கிக்கொண்டிருப்பான்.

பல்லேகமவை அண்டிய தும்பர மலைப்புறத்திலே வழிபடப்படும் பிட்டியே தெய்வத்தின் கதை இதனினும் கருதத்தக்கது. கன்றொன்றைத் தேரேற்றிக் கொன்ற சோழ இளவரசனே பின்னர் இத்தெய்வமாகி, இலங்கை வந்து தும்பரவைத் தனதாக்கிக்கொண்டான் என்று சிங்கள நாட்டார் பாடல்கள் கூறும். மனுநீதிச் சோழன் கதையைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த தமிழ் வாசகர், தேர்க்காலில் மடிந்த அம்மைந்தன் சிங்கள உழவனின் காவற்றெய்வமாய் மலைச்சாரலில் வாழ்வதை அறிந்து வியப்புறுவர். மக்கள் கதையைப் பகிரும்போது எல்லைக்கல் நடுவதில்லை.

6

எல்லைக்கல் நடுவது அரசின் தொழில். இதற்கும் சிந்தோ வரலாறு நல்ல பாடமாகும்.

யப்பானில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் காமி வழிபாடும் பௌத்தமும் பின்னிக் கிடந்தன. ஆலய வளாகத்தில் விகாரையும், விகாரை வளாகத்தில் ஆலயமும் இருந்தன. இசே இதற்கு ஓரளவு விலக்கு. பௌத்தச் சொற்களை அங்கே உச்சரிப்பதே பழங்காலந்தொட்டு விலக்கப்பட்டிருந்தது. ஆயினும் நூற்றாண்டுக்கு மேல் பாழ்பட்டிருந்த இசேயை மீட்டவர் யார்? ஊரூராய்ச் சென்று பொருள் திரட்டிய கெய்கோயின் மடத்துப் பௌத்தப் பெண்துறவியரே. 1563 இல் வெளிக்கோயில் மீண்டெழுந்தது செய்சுன் என்னும் துறவியின் முயற்சியால். தூய சிந்தோவின் தலைமைத் தலம் பௌத்தப் பெண்களின் கையேந்தலால் உயிர்பெற்றது என்பது வரலாற்றின் இனியதொரு முரண்.

1868 இல் அரசதிகாரத்தைப் புதுப்பித்த மெய்ஜி ஆட்சி காமியையும் புத்தரையும் பிரிக்கும் ஆணைகளைப் பிறப்பித்தது. நாடெங்கும் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டன. இசேயைச் சூழ்ந்த ஊர்களிலும் விகாரைகள் மூடப்பட்டன. 1871 முதல் ஆலயங்கள் அரசின் சடங்கிடங்களாக அறிவிக்கப்பட்டுத் தரவரிசைப்படுத்தப்பட்டன. 1906 முதல் சிற்றாலயங்களை ஒன்றிணைக்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. சில ஆண்டுகளுள் ஏறத்தாழ 70,000 கிராம ஆலயங்கள் மறைந்தன. அவற்றின் புனிதச் சோலைகள் வெட்டப்பட்டு மரம் விலையாயிற்று. உயிரியலாளரும் நாட்டார் வழக்காற்று அறிஞருமான மினக்கத்தா குமகுசு இதனை எதிர்த்து எழுதினார். 1910 இல் சிறைவைக்கவும் பட்டார். தொன்மையைப் பேணுவதாகச் சொன்ன அரசே தொன்மையின் உண்மையான உறைவிடங்களை அழித்தது. அவ்வாறு வார்த்த அரச சிந்தோ படையெடுப்புகளுக்குப் புனிதம் பூசிற்று. 1945 டிசம்பரில் நேசப்படையினரின் ஆணையாலேயே அரசுக்கும் ஆலயத்துக்குமிடையிலான அப்பிணைப்பு அறுக்கப்பட்டது.

இத்தீவில் நமக்கு இது அயலார் கதையன்று. நாலந்தா கெடிகே யாருடையது என்னும் வினா இருதரப்பிலும் எழுப்பப்பட்டு வந்துள்ளது. விமானத்தைக் காட்டித் தமிழர் கோயில் என்பார் ஒரு சாரார். வழிபாட்டைக் காட்டிச் சிங்கள பௌத்தத்தின் தனியுடைமை என்பார் மறுசாரார். 2020 இல் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைக்கென அமைக்கப்பட்ட சனாதிபதிச் செயலணியின் தொடக்க உறுப்பினருள் தமிழரோ முஸ்லிம்களோ ஒருவரும் இருக்கவில்லை. கல்லை ஓர் இனத்துக்குரிய காணி உறுதியாக வாசிக்கும் போக்கின் விளைவு இது. அப்போக்கை எதிர்க்கும் நம்மவர் அதே வாசிப்பைத் திருப்பிப் போட்டுத் தாமும் உறுதி எழுதப் புகுதல் வழுவாகும். கெடிகேயின் கற்களை அடுக்கியோர் எம்மொழி பேசினர் என்பதைக் கல் கூறாது. அவர்கள் உண்ட சோறு அம்பன் கங்கை நீரால் விளைந்தது என்பதையும், அந்நெல்லை விளைத்தவன் விமானத்தில் இடம்பெறவில்லை என்பதையும் ஆராய்ச்சி கூறமுடியும்.

7

மாத்தளையின் அண்மைக்கால வரலாறு இவ்வாய்வுக்கு மேலுமொரு சான்று தருகின்றது. 1840 ஆம் ஆண்டுக் காணிச் சட்டத்தால் சிங்களக் கிராமத்தவரின் சேனைநிலங்கள் முடிக்குரியனவாக்கப்பட்டுக் கோப்பித் தோட்டங்களாயின. 1848 இல் மாத்தளையில் மூண்ட கிளர்ச்சியின் பின்னணியில் இந்நிலப்பறிப்பும் புதிய வரிகளும் இருந்தன. அதே கோப்பிக்காக மன்னார்க் கரையில் இறங்கிய தமிழகத்துத் தொழிலாளர், காட்டுவழியே தம்புள்ளையையும் நாலந்தாவையும் கடந்து மாத்தளைக்கு நடந்தனர். வழியில் கொள்ளைநோய்க்கும் பசிக்கும் மடிந்தோர் எண்ணற்றோர். பாழ்பட்டுக் கிடந்த கெடிகேக்கு அணித்தாய் அவர்கள் நடந்து சென்றபோது அங்கே தம் முன்னோர் புகழை அவர்கள் தேடவில்லை. உயிரோடு சென்று சேர்வதே அவர்களது வேண்டுதல்.

சென்று சேர்ந்தோர் மரநிழலில் வைத்து வணங்கியதே பின்னர் மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலாக வளர்ந்தது எனக் கூறப்படுகின்றது. 1983 ஆம் ஆண்டு வன்செயல்களில் அக்கோயிலும் அதன் தேர்களும் தீக்கு இரையாயின. மக்கள் அதனை மீண்டும் எழுப்பினர். மாசி மகத்தில் ஐந்து தேர்கள் மீண்டும் வீதியில் ஓடுகின்றன. இன்று ஓடுந் தேர்களின் மரம் புதியது. அதனால் அக்கோயிலின் பழமை குன்றிற்று என எவரும் சொல்லார். அரச ஆணையோ நாடளாவிய வரியோ இன்றி, உழைக்கும் மக்களின் காசாலும் கையாலும் நிகழ்ந்த புதுப்பித்தல் அது. இசேயின் தச்சனிடம் நாம் மதித்த பண்பு இங்கே சுரண்டலின் கறை குறைந்து வெளிப்படுகின்றது.

இந்நோக்கிலேயே தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை காணல் வேண்டும். பழமை என்பது பொருளின் வயது மட்டுமன்று; ஆக்குவோருக்கும் ஆக்கப்பட்டதற்கும் இடையே தலைமுறை தோறும் புதுப்பிக்கப்படும் உறவு. நாலந்தாவின் கற்கள் காக்கப்பட்டமை நன்றே. ஆயின் அக்கற்களைச் சூழ்ந்த வயலும் உழவும் நீரடியிற் போனபின் கெடிகே பார்வையாளருக்குரிய காட்சிப்பொருளாயிற்று. பல்லேகமவில் எவரும் கல்லுக்கு எண்ணிடவில்லை. எண்ணிடத்தக்க கல் அங்கே இருக்கவில்லை என்பதே அதிகாரத்தின் கணக்கு. வயலோரத்து மரமும், குழை தொங்கிய கிளையும், புதுநெல்லை முதலிற் படைத்த களமும் மரபுரிமைப் பட்டியல் எதிலும் ஏறுவனவல்ல. நீர் எவருக்கும் வேண்டியதே. வடசமவெளி உழவனின் தாகமும் உண்மையானது. இடம்பெயர்ந்த உழவனுக்குப் புதுவீடும் இழப்பீடும் கணக்கிடப்படும்போது, அவன் கூட்டாகப் பேணிவந்த வழிபாடும் தொழிலறிவும் கணக்கிற் சேர்க்கப்பட வேண்டும் என்பதே இங்கு வற்புறுத்தப்படுவது.

இனிச் செய்யவேண்டிய பணி தெளிவானது. பழைய பல்லேகமவில் வயல் உழுதோர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். எந்த மரத்தடியில் எத்தெய்வத்துக்கு யார் எப்போது பொங்கினர் என்பதை அவர்கள் அறிவர். தமிழும் சிங்களமும் அறிந்த மாணவர் ஒன்றுசேர்ந்து அந்நினைவுகளைத் திரட்டுதல் வேண்டும். கல்லைப் பெயர்த்து வைக்க ஐந்து ஆண்டுகள் பிடித்தன. நினைவைப் பெயர்த்து வைக்க நமக்குள்ள காலம், அதனைத் தாங்கியோரின் ஆயுள் அளவே.